ஞானமும் நாட்கணக்கும்

ஞானம் எங்கே அகப்படும் என்பது யோபு பக்தனின் வினா. மலையைக் குடைந்து உலோகங்களை வெளிக்கொணரும் மனிதன் ஞானத்தை மட்டும் எந்தச் சுரங்கத்திலும் கண்டெடுக்கவில்லையே என்று அவன் வியக்கின்றான். இவ்வினா நம் நாட்டாருக்குப் புதியதன்று. ஆனால் ஞானம் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நம் மனக்கண்முன் எழும் உருவம் ஒன்று உண்டு. வீட்டையும் வேலையையும் துறந்து, பேச்சை ஒடுக்கி, மரத்தடியிலோ மலைக்குகையிலோ அமர்ந்திருக்கும் ஒருவரின் உருவமே அது. சந்தையில் பேரம் பேசிக் காய்கறி வாங்குபவரையும், கச்சேரியில் அமர்ந்து கணக்கு எழுதுபவரையும் ஞானி என்று நாம் சொல்வதில்லை. சொன்னாலும் அது பரிகாசமாகவே முடியும்.

இந்நகரத்து மலைக்கோட்டையே இதற்குச் சான்று பகரும். அம்மலையில் எழுந்தருளியுள்ள இறைவனின் பெயரைத் தாங்கிய தாயுமான சுவாமிகள், விசயரங்க சொக்கநாத நாயக்கரின் அரண்மனையில் தம் தந்தையாரைப் போலவே கணக்கு அலுவல் பார்த்தவர் என்பர். பின்னர் மௌனகுருவின் அருளைப் பெற்று, காலக்கிரமத்தில் அவ்வலுவலை விட்டுத் துறவு பூண்டார். அவருடைய பாடல்களைப் போற்றுவோர் கிறிஸ்தவரிலும் பலர் உளர். அப்பெரியாரைக் குறித்துக் குறை கூறுவது ஈண்டு நம் நோக்கமன்று. கணக்குச் சுவடியை மூடிய பின்னரே ஞானத்தின் கதவு திறந்தது என்று நம்மவர் அவர் சரித்திரத்துக்குப் பொருள் கொள்ளுகின்றனரே, அப்பொருளைப் பற்றியே நாம் சிந்திக்க வேண்டியிருக்கிறது. ஏனெனில் நம்மில் பெரும்பாலோர் அச்சுவடியை மூட இயலாதவர்கள். பரீட்சை ஒருபுறம், வீட்டுக் கடன் ஒருபுறம், திருமணமாக வேண்டிய தங்கையர் ஒருபுறம் என்று கட்டுண்டவர்களுக்கு ஞானம் எட்டாக் கனிதானோ?

சத்திய வேதத்தில் ஞானம் என்று நாம் வாசிக்கும் இடங்களில் எபிரெய மூலத்தில் நிற்கும் சொல் ஹொக்மா என்பது. அச்சொல் எங்கெங்கு ஆளப்பட்டிருக்கிறது என்று தேடிப் பார்ப்போருக்கு ஒரு வியப்புக் காத்திருக்கிறது. ஆசரிப்புக் கூடாரத்துக்காகப் பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் வேலை செய்த பெசலெயேல் என்பவன் தேவ ஆவியினால் நிரப்பப்பெற்று ஞானம் அடைந்தான் என்று யாத்திராகமம் கூறுகின்றது. அவன் செய்தது தவமன்று. கல் இழைத்தான், மரம் செதுக்கினான். அதே கூடாரத்துக்கு நூல் நூற்றுக் கொடுத்த பெண்களின் இருதயத்தையும் ஞான இருதயம் என்றே அவ்வாகமம் அழைக்கிறது. கொந்தளிக்கும் கடலில் மாலுமிகளுடைய திறமையெல்லாம் விழுங்கப்பட்டுப் போனதைச் சங்கீதக்காரர் பாடுமிடத்தில், அத்திறமைக்கு எபிரெயத்தில் இட்ட பெயரும் ஹொக்மாதான்.

உறையூரில் தறியில் அமர்ந்திருப்பவரின் கை நூல் அறுமுன்னரே அதன் தளர்ச்சியை அறியும். செயற்கை வைரக் கற்களுக்குப் பட்டை தீட்டும் தொழிலில் திருச்சிராப்பள்ளி பேர்பெற்ற ஊர். சுழலும் சக்கரத்தில் எந்தச் சாய்வில் கல்லை வைத்தால் ஒளி பிறக்கும் என்பது அத்தொழிலாளியின் விரலுக்குத் தெரியும். கேட்டால் அவரால் சொல்ல இயலாது. அவ்விரலின் அறிவைப் பழைய எபிரெயன் கூசாமல் ஞானம் என்று சொல்லியிருப்பான். ஆகவே வேதம் கூறும் ஞானம் முதலாவது ஒரு கைப்பழக்கம். நெடுநாள் செய்து செய்து ஊறியது. ஆனால் இங்கே நெய்யப்படுவது துணியன்று, வாழ்க்கை.

இதனாலேதான் நீதிமொழிகளை முதன்முறை வாசிப்போர் சிலர் ஏமாற்றம் அடைகின்றனர். சாலொமோனின் பெயரால் வழங்கும் நூலாயிற்றே, பரம இரகசியங்கள் இருக்கும் என்று திறந்தால், தராசும் படிக்கல்லும் கண்ணிற் படுகின்றன. கையில் பொருள் இருக்கையில் அயலானை நாளைக்கு வரச்சொல்லி அனுப்பலாகாது, அண்டை வீட்டுக்கு ஓயாமல் போய் அவன் சலிப்பைத் தேடிக்கொள்ளலாகாது என்ற அளவிலே அறிவுரைகள் செல்லுகின்றன. விடியற்காலையில் எழுந்து நண்பனை உரத்த குரலில் வாழ்த்துவது சாபமாகவே எண்ணப்படும் என்றும் ஓரிடத்தில் கண்டிருக்கிறது. விடுதி மாணவர்களுக்கு இதன் உண்மையை வியாக்கியானம் செய்து காட்ட வேண்டுவதில்லை.

இவையெல்லாம் அநுபவம் முதிர்ந்த எந்தப் பாட்டியும் சொல்லக்கூடியவைதாமே, இவற்றுக்கு விசுவாசம் எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. வேதம் இதற்குத் தரும் விடை, கர்த்தருக்குப் பயப்படுதலே ஞானத்துக்கு ஆரம்பம் என்பது. பயம் என்றதும் நடுக்கத்தை நினைக்க வேண்டாம். வாங்குவோன் பார்த்துக்கொண்டிருக்கையில் சரியாக நிறுப்பது சாமர்த்தியம். அவன் முகத்தைத் திருப்பிய பின்னும் சரியாக நிறுப்பது வேறொன்று. அங்கே வேறொருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற உணர்வு உள்ளே புகுந்துவிட்டது. சாமர்த்தியத்துக்கும் ஞானத்துக்கும் எல்லைக்கல் இவ்விடத்தில்தான் நடப்பட்டிருக்கிறது. யாக்கோபு நிருபம் இரண்டுவகை ஞானத்தைப் பிரித்துக் காட்டும்போது கூறுவதும் இதுவே. ஒன்று பொறாமையிலும் கட்சிச் சண்டையிலும் முடியும். மற்றொன்று தூய்மையும் சமாதானமும் இணங்கும் குணமும் உடையது. தனக்கு ஞானம் உண்டு என்பவன் அதைப் பேச்சிற் காட்டாமல் நடக்கையிற் காட்டட்டும் என்பது அந்நிருபக்காரரின் கட்டளை.

நடக்கையிற் காட்டியவர் ஒருவர் இவ்வூரிலேயே இருந்தார். தெப்பக்குளத்தின் வடபால் நிற்கும் கிறிஸ்து நாதர் ஆலயத்தைக் கடைத்தெருவின் இரைச்சலுக்கிடையே நாம் கவனியாமல் கடந்துபோகிறோம். 1766ஆம் ஆண்டு மே மாதம் 18ஆம் தேதி பிரதிஷ்டை செய்யப்பட்ட அவ்வாலயத்தைக் கட்டுவித்தவர் கிறிஸ்தியான் பிரெடரிக் சுவார்ட்ஸ் ஐயர். 1726இல் பிரஷ்யா தேசத்துச் சோனன்பர்க் என்னும் ஊரில் பிறந்தவர். ஹாலே நகரில் கற்கும்போதே, தமிழ்நாட்டிலிருந்து திரும்பியிருந்த ஷுல்ஸ் ஐயரிடம் தமிழ் எழுத்துக்களைப் பயின்றவர். 1750இல் தரங்கம்பாடி மிஷனுக்கு வந்து சேர்ந்து, 1762இல் தஞ்சை வழியாகக் கால்நடையாய்த் திருச்சிராப்பள்ளியை அடைந்தவர். 1778இல் தஞ்சாவூருக்குக் குடிபெயரும்வரை இந்நகரமே அவருடைய இருப்பிடம். அவருடைய புகழைப் பேசுவோர் பெரும்பாலும் தஞ்சை அரண்மனையிலிருந்தே தொடங்குவர். அப்புகழுக்கு வேர் ஓடியது இங்கேதான் என்பது என் துணிபு.

அவர் வந்தபோது இவ்வூர் எப்படியிருந்தது என்பதை மறக்கலாகாது. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னர், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள ஸ்ரீரங்கத் தீவில் சந்தா சாகிபும் பிரெஞ்சுப் படையும் பாளையம் இறங்கியிருந்து, 1752 ஜூன் மாதத்தில் தோல்வியுற்றுப் பணிந்தனர். யாத்திரிகர் நடந்த வீதிகளில் பீரங்கி வண்டிகள் உருண்ட காலம் அது. அப்போரில் நவாப் முகம்மதலி, மைசூர் நஞ்சராஜரின் உதவியை நாடி, கைம்மாறாகத் திருச்சிராப்பள்ளியையே கொடுப்பதாக வாக்களித்தார். வெற்றி கிடைத்தது, வாக்கு நிறைவேறவில்லை. ஏமாந்த மைசூர்ப் படை ஸ்ரீரங்கத்தில் நெடுநாள் தங்கிப் பார்த்துவிட்டு வெறுங்கையுடன் திரும்பிற்று. அப்படையில் பணி செய்த தலைவர்களுள் ஹைதர் அலி என்பவரும் ஒருவர். இப்பெயரை நேயர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன்.

போர் நடந்த ஊரில் முதலில் மடிவது வாக்கின் மதிப்பு. நவாப் கம்பெனிக்குக் கடன்பட்டார். கம்பெனியாரோ இன்று ஒன்று நாளை ஒன்று பேசினர். குடிகள் எவரையும் நம்பாமல் நெல்லைப் பதுக்கினர். இப்படிப்பட்ட ஊருக்கு, படையோ பணமோ இல்லாத ஓர் அந்நியர் வந்து குடியேறினார். அவருக்குக் கிடைத்த இடம் பழங்கட்டடம் ஒன்றில் ஓர் அறை. அவரும் அவர் படுக்கையும் கொள்ளும் அளவினது என்று, அவரை நேரில் அறிந்த வில்லியம் சேம்பர்ஸ் என்னும் ஆங்கிலேயர் எழுதி வைத்திருக்கிறார். கறுப்புச் சாயம் தோய்த்த பருத்தி அங்கி. நம்மவர் முறையிற் சமைத்த சோறும் காய்கறியும். மாதம் பத்து வராகன் அளவான வருவாய். பின்னர்க் கோட்டைப் படைக்குக் குருவாகப் பணிபுரிந்ததற்காகச் சென்னை அரசாங்கத்தார் ஆண்டுக்கு 100 பவுன் கொடுத்தபோது, அதில் ஒரு பகுதியைச் சபைச் செலவுக்கென்றே ஒதுக்கினார். வெடிமருந்துக் கிடங்கு தீப்பற்றி வெடித்துப் பலர் மாண்டபோது, அநாதையான பிள்ளைகளுக்குப் பள்ளி அமைத்தார். மதுரை முற்றுகையின்போது காயமுற்ற வீரரைப் பராமரித்ததற்கு நவாப் அளித்த பரிசுப் பணமும் தம் கையில் தங்காமல் அறப்பணிக்கே சென்றது.

எளிமையாக வாழ்ந்தோர் உலகில் எத்தனையோ பேர். எளிமை மட்டுமே ஞானம் ஆகிவிடாது. கஞ்சனும் எளிமையாகத்தான் உண்கிறான். சுவார்ட்ஸ் ஐயரின் எளிமையில் கவனிக்கத்தக்கது, அவருடைய பணம் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்பதை ஊரார் எவரும் பார்க்கக் கூடியதாய் இருந்ததே. உள்ளே ஒரு கணக்கு, வெளியே ஒரு கணக்கு என்று அவருக்கு இல்லை.

நாவின் காரியத்திலும் இவ்வாறே. தமிழில் தேர்ந்த பின்னர், நவாபின் அவையாரோடு பேசுவதற்காகப் பாரசீகமும் இந்துஸ்தானியும் கற்றார். கோட்டையிலிருந்த ஆங்கிலச் சிப்பாய்களுக்கு ஆராதனை நடத்த ஆங்கிலமும் வேண்டியிருந்தது. அம்மொழியில் தமக்குப் பயிற்சி போதாது என்பதை உணர்ந்து, தொடக்கத்தில் தாமாகப் பிரசங்கம் செய்யத் துணியாமல், பிறர் எழுதி அச்சிட்ட பிரசங்கங்களையே வாசித்துக் காட்டினார். தெரியாததைத் தெரிந்ததுபோற் பேசாத இவ்வடக்கம் சிறிய காரியமாகத் தோன்றலாம். மேடை ஏறிய எவரும் இது எவ்வளவு அரிது என்று அறிவர்.

ஆனால் இத்திருச்சிராப்பள்ளி நாட்களில் என் மனத்தைப் பெரிதும் கவர்ந்தது வேறு. அவரிடம் உபதேசியார் சிலர் இருந்தனர். நாடோறும் காலையில் அவர்கள் கூடி ஜெபித்தபின், இன்னார் இன்ன இடத்துக்குச் செல்வது என்று ஐயர் பகிர்ந்து அனுப்புவார். அவர்கள் கோட்டைத் தெருக்களுக்கும் சுற்றுப்புறக் கிராமங்களுக்கும் பிரிந்து செல்வர். ஐயரும் ஆற்றங்கரைக்கும், சில நாள் காவிரியைக் கடந்து ஸ்ரீரங்கத்துக்கும் சென்று, பிராமணரோடும் யாத்திரிகரோடும் வழிப்போக்கரோடும் உரையாடுவார். மாலையில் எல்லாரும் திரும்பி வந்து கூடுவர். அன்று யாரைக் கண்டோம், என்ன கேட்டார்கள், என்ன மறுமொழி சொன்னோம் என்று ஒவ்வொருவரும் ஒப்புவிக்க வேண்டும். கடுஞ்சொல் கூறியிருந்தால் அதுவும் வெளிவரும். சொல்லியிருக்கத்தக்க நல்ல விடையை ஐயர் எடுத்துக்காட்டுவார். பின்னர் ஜெபத்துடன் கலைவர்.

இம்மாலைக் கூட்டத்தை நான் அவருடைய ஞானத்தின் தறிமேடை என்பேன். அன்றைய நாளை அன்றே பிரித்துப் பார்ப்பது. மூவர் நால்வர் முன்னிலையில், கடவுளுக்கும் முன்னிலையில் பார்ப்பது. பிழைபட்ட இழையை மறுநாளைக்கு முன் கட்டிவிடுவது. மாதம் ஒருமுறை செய்தால் பாவசங்கீர்த்தனம்போல் மனம் கனத்துவிடும். நாள்தோறும் செய்தமையால் அது கடைக்காரர் இரவில் பெட்டியடி பார்ப்பதுபோல இயல்பாயிற்று. ஸ்ரீரங்கத்து உரையாடல்களில் பெரும்பாலானவை எவரையும் மதம் மாற்றிவிடவில்லை என்பதும் உண்மை. அதைத் தோல்வியென்று அவர் மூடி மறைத்து எழுதவில்லை. எதிரில் நின்றவர் இணங்காவிடினும், பொய்யுரையாத ஒருவரோடு பேசினோம் என்ற எண்ணத்தோடு வீடு திரும்பினார். பதினாறு ஆண்டுகள் இவ்வண்ணம் கழிந்தன.

அதன் பயன் பின்னர்த் தெரிந்தது. 1779இல் சென்னை அரசாங்கத்தார், ஹைதர் அலியின் எண்ணத்தை அறியவும் சமாதானம் பேசவும் ஒருவரை இரகசியமாக அனுப்ப விரும்பினர். ஹைதரோ கம்பெனி அதிகாரிகள் எவரையும் நம்பச் சித்தமாயில்லை. அந்தக் கிறிஸ்தவரை அனுப்பட்டும், அவர் ஏமாற்றமாட்டார் என்று கூறியதாகச் சொல்வர். திருச்சிராப்பள்ளியைத் தருவதாகச் சொல்லித் தராமற்போன கதையை ஸ்ரீரங்கத்து மணலில் நின்று கண்ட மனிதர் அவர் என்பதை எண்ணும்போது, அவ்வார்த்தையின் கனம் விளங்கும். சுவார்ட்ஸ் ஐயர் ஸ்ரீரங்கப்பட்டணம் சென்று திரும்பினார். வழிச்செலவுக்கென்று ஹைதர் கொடுத்த 300 ரூபாய்ப் பையைத் திருப்பிக் கொடுக்க முயன்றும் இயலாமையால், அதைச் சென்னை அரசாங்கத்தாரிடம் ஒப்படைத்தார். அவர்களும் வாங்க மறுத்தனர். அதன்பேரில், தஞ்சையில் அநாதைப் பிள்ளைகளுக்கான ஆங்கிலப் பள்ளிக்கு அதையே முதற்பொருளாக்க அநுமதி கேட்டுக்கொண்டார். ஒரு பை எத்தனை கைகளில் மறுக்கப்பட்டு எங்கே போய்ச் சேர்ந்தது பாருங்கள்!

அடுத்த ஆண்டே ஹைதரின் படை கர்நாடகத்துள் இறங்கிற்று. பஞ்சம் வந்தது. தஞ்சைக் கோட்டைக்குள் சிப்பாய்கள் பட்டினியால் விழுந்தனர். வெளியே குடிகளிடம் நெல் இருந்தது. கொண்டுவருவார் இல்லை, கொண்டுவந்தால் விலை கிடைக்கும் என்று எவரும் நம்பவில்லை. அரசரும் கம்பெனியாரும் சொன்ன உறுதிமொழிகள் செல்லாக் காசாயின. பணம் கொடுக்கத் தாம் பிணை என்று ஐயர் எழுதிய பின்னரே ஓரிரு நாளில் 1,000 எருதுகள் வந்தன; 80,000 கலம் தானியம் கோட்டைக்குள் சேர்ந்தது. கடைசிக் காசுவரை கணக்குத் தீர்த்தார். மற்றொரு சமயம், கொடுமை தாளாமல் நிலங்களை விட்டு ஓடிப்போயிருந்த குடியானவர்கள், அவர் கொடுத்த வாக்கை நம்பி ஒரே நாளில் 7,000 பேராகத் திரும்பிவந்து, பருவம் தப்பிய நிலையிலும் ஏர் பூட்டினர். இவையெல்லாம் அவர் தாமாக விளம்பரம் செய்தவை அல்ல. கிறிஸ்தவரான இந்தியரையும் மிஷனெறிமாரையும் இழித்துப் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் ஒருவர் பேசியதற்கு விடையாக, 1794இல் எழுதிய கடிதத்தில் வேறு வழியின்றி இவற்றைக் குறிப்பிட்டார். அக்கடிதத்தில் சினம் இல்லை. வரிசையாக உண்மைகள் இருக்கின்றன.

80,000 கலம் தானியத்தை அசைத்தது எது? அவருடைய பேச்சுத்திறமையன்று, கம்பெனியின் பீரங்கியுமன்று. பல ஆண்டுகளாகச் சிறு தொகைகளில் பொய்யாத ஒரு கணக்கு, பெருந்தொகை வந்தபோது செல்லுபடியாயிற்று. இதனை வேதத்தின் மொழியில் ஞானம் என்று சொல்லத் தடையில்லை. பெரிய நாளுக்கென்று தனியாக ஒரு ஞானம் அன்று காலையில் வானத்திலிருந்து இறங்குவதில்லை.

பரீட்சைக்கு முந்திய இரவில் யாக்கோபு நிருபத்தைத் திறந்து, ஞானத்தில் குறைவுள்ளவன் கேட்டுப் பெறலாம் என்ற வாக்குத்தத்தத்தை நம்பி ஜெபிக்கும் மாணவர் உண்டு. ஜெபிப்பது நல்லதே. ஆயினும் அவ்வசனம் நிற்கும் இடத்தைப் பார்த்தால், சோதனைகளில் பொறுமையாய் நிற்பதைப் பற்றிய பேச்சின் நடுவிலே அது நிற்கிறது. படியாத பாடத்தை அறிந்துகொள்ளும் வழி அங்கே கூறப்படவில்லை. பார்த்து எழுத வாய்ப்பிருந்தும் எழுதாமல் தோல்விக்கு முகம் கொடுப்பது எவ்வாறு என்பதற்கு அங்கே விடையுண்டு. சாலொமோன் இளவயதில் கேட்டதும் வித்தையன்று, ஜனங்களை நியாயம் விசாரிக்கத் தக்க இருதயம். தான் போக்குவரவு அறியாத சிறுபிள்ளை என்று சொல்லிக் கேட்டான், பெற்றான். பின்னாளில் அதே சாலொமோனின் பாரமான நுகத்தைப் பற்றி ஜனங்கள் அவன் மகனிடம் முறையிட்டதையும் வேதம் மறைக்காமல் எழுதியிருக்கிறது. பெற்ற ஞானமும் நாடோறும் செலவிட்டுப் புதுப்பிக்காவிடில் கையை விட்டுப் போகும் போலும்.

அவ்வுபதேசியாரின் மாலைக் கணக்கை நம் விடுதி அறைகளிலும் பார்க்கலாம். இன்று கடன் வாங்கிய பத்து ரூபாய் யாருடையது, வருவதாகச் சொல்லி எவரைக் காத்திருக்க வைத்தோம், கைபேசியில் வந்த அவதூற்றை உண்மையா என்று ஆராயாமல் எத்தனை பேருக்கு அனுப்பினோம் என்று இருவர் மூவராக அமர்ந்து பேசக் கால்மணி நேரம் போதும். வெட்கமாயிருக்கும் என்பீர்களானால், முதல் வாரம் அப்படித்தான் இருக்கும். ஸ்ரீரங்கத்திலிருந்து பேருந்தில் வரும் நண்பர்களுக்கு அதற்கென வேறு நேரமும் தேட வேண்டாம். காவிரிப் பாலத்து நெரிசல் அவ்வளவு அவகாசம் தருகின்றது. இந்து நண்பர்கள் இதைத் தங்கள் வழியில் செய்வதற்கும் தடையொன்றும் இல்லை.

இனி, சொல்லாமல் விடக்கூடாத ஒன்று உண்டு. இவ்வளவும் கேட்டவர்கள், ஞானமுள்ளவர் எடுத்த காரியமெல்லாம் ஜெயமாகும் என்று எண்ணிவிடலாம். சுவார்ட்ஸ் ஐயரின் வாழ்க்கை அதற்கு இடங்கொடாது. ஹைதரிடம் சென்ற தூதினால் யுத்தம் நிற்கவில்லை. அதனினும் வேதனை தருவது தஞ்சைக் காரியம். 1787இல் துளஜா மகாராஜா மரணப்படுக்கையிலிருந்து, தாம் சுவீகாரம் எடுத்த பத்து வயதுச் சிறுவன் சரபோஜியை ஐயரின் கையில் ஒப்புவிக்க விரும்பினார். அரசாட்சியின் பாரத்தைக் குருவானவர் சுமப்பது தகாது, அது கலகத்துக்கு இடமாகும் என்று அவர் தயங்கி, அரசரின் தம்பி அமர்சிங்கைச் சிறுவனுக்குப் பாதுகாவலராக்கும்படி ஆலோசனை கூறினார். அடக்கமும் முன்யோசனையும் உள்ள ஆலோசனையாகவே அன்று அது தோன்றியிருக்க வேண்டும். அரசர் இறந்தார். சுவீகாரம் செல்லாது என்று பண்டிதர்கள் தீர்ப்புச் சொல்ல, கம்பெனியார் அமர்சிங்கையே அரசராக்கினர். சிறுவன் இருண்ட இடத்தில் அடைபட்டு, கல்வியும் இன்றி வாடினான்.

நல்லெண்ணத்தோடு சொன்ன சொல்லால் ஒரு பிள்ளை துன்புறுகிறது என்று கண்டவர் என்ன செய்வார்? தம்மேல் பிழையில்லை, பண்டிதர் சொன்னார், கம்பெனியார் செய்தனர் என்று ஒதுங்க வழி இருந்தது. உலக சாமர்த்தியம் அங்கேதான் போய் நிற்கும். சுவார்ட்ஸ் ஐயர் ஒதுங்கவில்லை. சிறுவனைப் போய்ப் பார்த்தார். அவன் நிலையைச் சென்னைக்கு எழுதினார். அவனுக்கு ஆசிரியர் அமையவும் காவல் அமையவும் வழிதேடினார். 1793இல் அவனும் அரச குடும்பத்துப் பெண்டிரும் சென்னைக்குப் பாதுகாப்பாக அனுப்பப்பட்டபோது, அங்கே கெரிக்கே ஐயர் அவன் கல்வியைக் கவனித்தார். சுவீகாரத்தைப் பற்றிய விவாதம் மறுபடி எழுந்தபோது, அவனுடைய உரிமையை ஆதரித்து முதுமையிலும் எழுதினார். பத்தாண்டுக்கு மேற்பட்ட வேலை அது. திருச்சிராப்பள்ளி மாலைக் கூட்டங்களில், சொன்ன சொல்லுக்கு அன்றன்று கணக்குக் கேட்டவர், தாம் சொன்ன அந்த ஒரு சொல்லுக்கும் கணக்குத் தீர்த்தபடியே முதியவரானார் என்று நான் கருதுகிறேன். அவருடைய மற்றெல்லாச் செயல்களையும்விட இதிலே ஞானத்தின் கை தெளிவாகத் தெரிகின்றது.

1798ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 13ஆம் தேதி தஞ்சையில் அவர் உயிர்நீத்தார். பெட்டியை மூடுமுன் சரபோஜி வந்து முகத்தைப் பார்த்துக் கண்ணீர் சொரிந்து, உடலின்மேல் பொன்னாடை போர்த்தி, கல்லறை வரையும் உடன் நடந்தார். சரபோஜி அரியணை ஏறியது அதே ஆண்டு ஜூன் மாதத்தில். சரசுவதி மகாலின் சுவடிகளைப் பெருக்கியவரும், பிற்காலத்தில் அங்கு வைக்கப்பட்ட சலவைக்கல் நினைவுச்சின்னத்தை இங்கிலாந்தின் சிற்பி பிளாக்ஸ்மனைக் கொண்டு செய்வித்தவரும் அவரே. திருச்சிராப்பள்ளியில் அப்படியொரு சிற்பம் இல்லை. தெப்பக்குளத்தின் வடபால் ஆலயம் மட்டும் நிற்கிறது.